மிளகாய்த் தொட்டியில் உப்பு

முதலில் இலை நுனிகள் கருகின. பிறகு மண்ணின் மேல் வெள்ளையாக ஒரு படலம் பூத்தது. சுவரில் சுண்ணாம்பு பொரிந்து வருமே, அந்த மாதிரி. நான் அதை விரல் நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

திருப்பதியில் என் அண்ணன் வீடு மூன்றாவது மாடியில் இருக்கிறது. மலைப் பக்கமிருந்து குரங்குகள் வரும் தெரு என்பதால் பால்கனியில் எதையும் வைக்க முடியாது. காயப்போட்ட துண்டைக்கூட எடுத்துக்கொண்டு போய் எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டிமேல் விரித்து உட்காரும். அதனால் என் ஊசி மிளகாய்ச் செடிகள் மூன்றையும் ஹாலில், கிழக்கு ஜன்னலுக்கு உட்பக்கம் வைத்து வளர்த்தேன். வீட்டுக்குள் மிளகாய் வளர்ப்பதில் சில தொல்லைகள் உண்டு. தேனீ வராது, அதனால் பூத்த காலையில் பூவை நாமே மெல்லச் சுண்டிவிட வேண்டும், அப்போதுதான் மகரந்தம் உள்ளே விழும். செடி வெளிச்சத்தைப் பார்த்துச் சாயும், தொட்டியைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அசுவினிப் பூச்சி ஒட்டினால் சொல்லாமல் கொள்ளாமல் பரவிவிடும். இவை எல்லாம் எனக்குத் தெரிந்த தொல்லைகள். உப்பு தெரியாதது.

நான் வேலை செய்வது ஊருக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில், மின்சுற்றுப் பலகைகளைச் சோதிக்கும் பிரிவில். பழுதான பலகை ஒன்று வந்தால், காரணமாக இருக்கக்கூடியவற்றை எல்லாம் வரிசையாக எழுதி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வர வேண்டும். அடிபடாமல் கடைசியில் எது நிற்கிறதோ அதுதான் காரணம். அதற்கு நம் விருப்பு வெறுப்பு ஒரு பொருட்டில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

வேலை கிடைத்தபோது சித்தூரிலிருந்து தினமும் போய்வர ஷிப்ட் நேரம் ஒத்துவரவில்லை. அண்ணன் வீட்டில் ஓர் அறை காலியாக இருந்தது. பெட்டியோடு என்னைப் பஸ் ஏற்றிவிட வந்த அப்பா, ஜன்னலோரம் நின்று ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"ஒத்துப் போனா இரு. ஒத்துப் போவலன்னா ஆஸ்டல் பாத்துக்கலாம். அவங்க வாயத் தெறந்து போன்னு சொல்ற வரைக்கும் மட்டும் இருக்காத."

"சரி நைனா" என்றேன்.

அந்த வீட்டில் இருந்த காலம் முழுக்க என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது அதுதான். போ என்று சொல்வதற்கு முன்னால் அதை நான் கண்டுபிடித்துவிட வேண்டும். அண்ணியைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை. நான் போய்ச் சேர்ந்த மாதமே அவருக்குக் கரு கலைந்தது. ஆஸ்பத்திரியில் அண்ணியோடு கூட இருந்தது நான்தான். அதன்பிறகு ஒரு வருஷத்துக்கும் மேல் நன்றாகத்தான் போனது. சேர்ந்து சீரியல் பார்த்தோம், சேர்ந்து காய் நறுக்கினோம். செடியில் காய்த்த முதல் மிளகாய்களை அரைத்துத் துவையல் செய்தது அண்ணி. "இது மிளகாயா, வெடியா" என்று கண்ணில் நீர் வழிய இரண்டாவது இட்லிக்கும் அதையே தொட்டுக்கொண்டார்.

பிறகு ஏதோ மாறியது. எனக்குள் ஒரு வரிசை சேர ஆரம்பித்தது.

நான் ஹாலுக்குள் நுழைந்தால் பேச்சு நிற்கும். நின்ற பேச்சுக்குப் பதிலாக உடனே வேறு பேச்சு வரும், அதுவும் தேவையில்லாமல் சத்தமாக. அண்ணன் வாங்கி வரும் பைகள் சமையலறைக்குப் போகாமல் நேராகப் படுக்கையறைக்குப் போயின. மிளகாய்த் துவையல் நின்றுபோனது. சமையலறையில் புகையை வெளியே தள்ளும் ஃபேன், முன்பெல்லாம் மீன் பொரித்தால் மட்டும் போடுவது, இப்போது பால் காய்ச்சினால்கூட ஓடியது. புத்தூர்ப் பக்கத்திலிருந்து அண்ணியின் அம்மா, நான் அத்தை என்று கூப்பிடுபவர், முன்பு பண்டிகைக்குத்தான் வருவார். இப்போது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தார். ஞாயிற்றுக்கிழமை நான் சித்தூருக்குப் போகும் நாள். நான் இறங்கும்போது அவர் ஏறுவார். படியில் பார்த்தால், "கெளம்பிட்டியா? பொறுமையா வா, ஒண்ணும் அவசரமில்ல" என்பார்.

பொறுமையா வா என்பதை நான் சித்தூர் போய்ச் சேரும் வரை யோசித்துக்கொண்டு போவேன்.

செடிகள் கெட ஆரம்பித்தது இந்தச் சமயத்தில்தான். காரணங்களை வரிசைப்படுத்தினேன். தண்ணீராக இருக்கலாம். போர் தண்ணீர் உப்பாக மாறியிருக்கலாம் என்று, வேலையிடத்தில் ஒரு தோழியிடம், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் கடன் வாங்கி வந்து குழாய்த் தண்ணீரைச் சோதித்தேன். எப்போதும் போலத்தான் இருந்தது. தொட்டியின் அடியிலிருந்து வடிந்த தண்ணீரில் அதே மீட்டரை வைத்தபோது எண் எகிறியது. எருவாக இருக்கலாம். எரு போடுவதை நிறுத்தினேன், படலம் நிற்கவில்லை. தேங்காய் நார்க் கழிவில் உப்பு இருக்கும் என்பார்கள். ஆனால் நான் அதை ஊறவைத்துப் பலமுறை அலசித்தான் கலந்திருந்தேன். கடைசியாக ஒரு தொட்டியை மட்டும் என் அறைக்குள் கொண்டுபோய் வைத்துப் பூட்டினேன். அதே மண், அதே தண்ணீர், வெளிச்சம் மட்டும் குறைவு. அந்தச் செடி துளிர்விட்டது. ஹாலில் இருந்த இரண்டும் கருகிக்கொண்டே வந்தன.

இன்னொன்றும் கவனித்தேன். ஹாலில் இருந்த தொட்டிகளில் மண் மட்டம் இறங்கியிருந்தது. யாரோ கையால் அள்ளிய குழி. ஒன்றில் வேர்கூட வெளியே தெரிந்தது.

எல்லாவற்றையும் அடித்த பிறகு நின்றது ஒன்றுதான். ஒரு மனிதக் கை.

இரவுச் சாப்பாட்டின்போது, யாரையும் பார்க்காமல், குழம்புக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அண்ணா, என் செடிக்கு யாரோ உப்புத் தண்ணி ஊத்தறாங்க."

"அப்பிடின்னா செடிக்கு பி.பி. வரும். மாத்திர வாங்கியாரட்டா?" என்றான் அண்ணன்.

"விளையாட்டு இல்ல. மண்ணயும் தோண்டறாங்க."

"கொரங்கா இருக்கும்."

"கொரங்கு கல்லுப்பு எடுத்துக்கினு வருமா?"

"திருப்பதி கொரங்கு. அது எல்லாம் வரும். சோறு துன்னு."

அண்ணி சிரிக்கவில்லை. மோர் எடுத்து வருவதாக எழுந்து போனார். சமையலறையில் ஃபேன் ஓடத் தொடங்கும் சத்தம் கேட்டது. மோர் வரவே இல்லை.

அன்று எனக்குத் தீர்மானமாகிவிட்டது. வாய் திறந்து சொல்ல முடியாதவர்கள் செடியிடம் சொல்கிறார்கள். அடுத்த நாள் வேலை முடிந்து, பெண்கள் விடுதி இரண்டைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். ஒன்றில் ஜன்னலே இல்லை. இன்னொன்றில் ஜன்னல் இருந்தது, ஆனால் அதன் எதிரே நான்கு விரல் தூரத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல் கிளம்பினேன். படியில் அத்தை எதிரே வந்தார், பொறுமையா வா என்றார். பஸ் நிலையத்தில் நிற்கும்போது அப்பாவின் போன் வந்தது. உறவுக்காரர்கள் வந்திருக்கிறார்களாம், எல்லோரும் காணிப்பாக்கம் கோயிலுக்குப் போகிறார்களாம், திரும்ப இருட்டிவிடும், அடுத்த வாரம் வா என்றார். அண்ணிக்கு போன் செய்து திரும்பி வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கடைத்தெருவில் சும்மா சுற்றினேன். விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீட்டுக்கு வந்து, என்னிடம் இருந்த சாவியால் கதவைத் திறந்தேன்.

அண்ணன் வீட்டில் இல்லை. ஹாலில் கிழக்கு பார்த்து ஒரு நாற்காலியில் அண்ணி உட்கார்ந்திருந்தார். ஜன்னல் அடியில் அத்தை குந்தியிருந்தார். அவருடைய இடது கையில் கல்லுப்பும் காய்ந்த மிளகாயும் கடுகும் இருந்தன. வலது கை என் தொட்டிக்குள் இருந்தது.

நான் பின்னால் கதவைச் சாத்தினேன்.

அத்தை எதற்கு மண் எடுக்கிறார் என்பதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சித்தூரில் எங்கள் தெருவில் பிள்ளைக்குக் காய்ச்சல் விடாவிட்டால், யாருடைய கண் பட்டது என்று சந்தேகமோ அவர்களுடைய காலடி மண்ணைக் கொஞ்சம் எடுத்து, உப்பு மிளகாயோடு சேர்த்து, பிள்ளையைச் சுற்றி அடுப்பில் போடுவார்கள். சின்ன வயதில் என் அம்மாவே என்னை அனுப்பியிருக்கிறார். யாருடைய மண் என்று சொல்ல மாட்டார், எந்த வாசல் என்று மட்டும் சொல்வார். இந்த வீட்டில் தரை முழுக்க டைல்ஸ். யாருடைய காலடியிலும் மண் கிடையாது. என் கை படும் மண் மட்டும்தான் இருந்தது.

நான் யாரைச் சந்தேகிப்பது என்று இத்தனை நாள் வரிசை போட்டுக்கொண்டிருந்தேன். அவர்களுடைய வரிசையில் ஒரே ஒரு பெயர்தான் இருந்திருக்கிறது. பைகள், ஃபேன், நின்றுபோன துவையல் எல்லாம் அப்போதுதான் ஒன்றாகச் சேர்ந்தன.

"எத்தனையாவது மாசம் அண்ணி?" என்று கேட்டேன்.

அண்ணி தலையைக் குனிந்துகொண்டார். அத்தைதான் பேசினார்.

"நாலு முடியட்டும், சொல்லலாம்னு இருந்தோம். தப்பா எடுத்துக்காத."

"மண்ண எடுக்கறீங்க. எப்பிடி எடுத்துக்கறது அத்த?"

"ஒன்ன யாரும் கெட்டவன்னு சொல்லல. சில பேருக்கு கண்ணு அப்பிடி. அவங்களுக்கே தெரியாது. நீ வந்த மாசம்தான போன வாட்டி கலஞ்சிது. நான் பெத்தவ, யோசன வராதா?"

"உப்புத் தண்ணியயும் அதுலதான் ஊத்தினீங்களா?"

"சுத்திப் போட்டு சட்டியில மீந்த உப்ப கரைச்சி கால் படாத எடத்துலதான ஊத்தணும். இந்த வீட்டுல எங்க பாத்தாலும் காலு. தொட்டி ஒண்ணுதான் கால் படாத எடம்." இதைச் சொல்லும்போது அவர் குரலில் குற்ற உணர்வு இல்லை. இடம் கிடைக்காத எரிச்சல்தான் இருந்தது.

பையைக் கீழே வைத்தேன். எனக்கு அழுகை வரவில்லை. காரணம் தெரிந்துவிட்ட பழுதுப் பலகையின் முன்னால் உட்காரும்போது ஒரு அமைதி வரும், அதுதான் வந்தது. கேள்விகளை வரிசையாகக் கேட்கத் தோன்றியது.

"ஒரு வாட்டி சுத்தினா போதாதா? வாரா வாரம் எதுக்கு?"

"திஷ்டி போனாத்தான நிறுத்தறது? மிளகா போட்டா நெடி வரணும். கமறல் எடுக்கணும், தும்மல் வரணும். வந்தா போச்சின்னு அர்த்தம். எங்க வருது? கை நெறய போடறன். ஒரு இருமல் இல்ல. அவ்ளோ பலமா இருக்குது."

நான் சமையலறையைப் பார்த்தேன். ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"மிளகா போடும்போதும் அது ஓடிக்கினுதான் இருக்குமா அண்ணி?"

"எனக்கு தாளிச்சாலே கொமட்டுது. மிளகா நெடின்னா அவ்ளோதான். அதான் முன்னாடியே போட்டுடுவேன்" என்றார் அண்ணி. பாதி வாக்கியத்தில் அவருக்கே புரிந்துவிட்டது. வாயில் கையை வைத்துக்கொண்டு தன் அம்மாவைப் பார்த்தார்.

"ம்மா. நெடிய அது இழுத்துக்கினு போவுதும்மா."

"ஃபேனு எங்க, திஷ்டி எங்க? படிச்சிட்டா எல்லாத்துக்கும் ஒரு மிஷின காட்டறது" என்றார் அத்தை.

"அப்ப நிறுத்திட்டு ஒரு வாட்டி போடுங்க. மண்ணு என் தொட்டியிலயே எடுத்துக்கங்க. நான் பக்கத்துலயே நிக்கறேன்."

இதைக் கேட்க எனக்கு உரிமை இருந்தது என்று இப்போதும் நினைக்கிறேன். அதே சமயம், எனக்கு நம்பிக்கையே இல்லாத ஒரு சோதனையில் தேறுவதற்கு நான் ஏன் அவ்வளவு அவசரப்பட்டேன் என்பதும் எனக்குப் புரிந்ததில்லை.

 அத்தை மண்ணை அள்ளினார். அண்ணியைச் சுற்றினார், வலமும் இடமும். கையில் இருந்ததன் மேல் துப்பச் சொன்னார். அண்ணியைப் பால்கனிக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினேன். சமையலறை ஜன்னலையும் சாத்தினேன். ஃபேனை நிறுத்தினேன். பழைய இரும்புச் சட்டி ஒன்றை அத்தை அடுப்பில் வைத்துக் காயவிட்டு, கையில் இருந்ததைக் கொட்டினார்.

கடுகு படபடவென்று வெடித்தது. அதன் பிறகு எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தொண்டைக்குள் யாரோ கம்பளியைத் திணித்தது போல இருந்தது. இருமி இருமிக் கண் திறக்க முடியாமல் சுவரைத் தடவினேன். அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு தும்மினார், தும்மலுக்கும் இருமலுக்கும் நடுவே சாமியைக் கூப்பிட்டார். ஃபேன் சுவிட்சைக் கண்டுபிடித்துத் தட்டியது யார் என்று நினைவில்லை.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அத்தை தரையில் உட்கார்ந்தார். அவர் முகத்தில் நான் இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்காத நிம்மதி தெரிந்தது.

"போச்சு" என்றார். "இன்னியோட போச்சு."

"இத்தினி நாளா ஃபேனாலதான் வரலன்னு இப்ப தெரியுதா அத்த?"

"ஃபேனோ எதுவோ. போச்சு."

"அப்ப இருந்துதுன்னு சொல்றீங்க."

"இருந்துது. இல்லாமயா போவும்?"

அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. அந்தச் சோதனையில் குற்றமில்லை என்று ஒரு முடிவே கிடையாது. இருக்கிறது, போய்விட்டது, இரண்டே முடிவுகள். எங்கள் பிரிவில் இப்படி ஒரு சோதனையை யாராவது எழுதிக் கொடுத்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

பால்கனியில் அண்ணி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எதிர்ச் சுவரில் ஒரு குரங்கு குட்டியோடு உட்கார்ந்து எங்களையே பார்த்தது.

"நீங்க நம்பறீங்களா அண்ணி?" என்றேன்.

"நம்பல." உடனே சொன்னார். பிறகு, "போன வாட்டியும் நம்பல. அம்மா சுத்தறன்னாங்க, வேணாம்னுட்டேன். அப்புறம் அது போச்சு. இந்த வாட்டி எதயும் வேணாம்னு சொல்ல எனக்கு தைரியம் இல்ல. உன் செடிய பாத்துக்கினுதான் இருந்தேன். வாயத் தெறக்கல."

"நான் ஆஸ்டல் பாத்திருக்கேன். அடுத்த வாரம் போயிடறேன்."

அவர் திரும்பிப் பார்த்தார். கண்கள் சிவந்திருந்தன. நெடி கதவிடுக்கு வழியாக இங்கேயும் வந்திருக்கிறது.

"நீ போயி, கொழந்த நல்லபடியா பொறந்தா இன்னா சொல்வாங்க? அவ போனா, எல்லாம் சரியாச்சின்னு சொல்வாங்க. அப்புறம் அந்தக் கொழந்தய தூக்க உன்ன உடுவாங்களா?"

நான் மனதுக்குள் கட்டம் போட்டேன். போய், குழந்தை நன்றாகப் பிறந்தால் என் கண்தான் காரணம் என்றாகும். போய், ஏதாவது ஆகிவிட்டால் போவதற்கு முன்பே பட்டுவிட்டது என்பார்கள். இருந்து, ஏதாவது ஆனால் சொல்லவே வேண்டாம். இருந்து, நன்றாகப் பிறந்தால் மட்டும்தான் எனக்கு விடுதலை. நான்கில் ஒன்று. அண்ணி கட்டம் எதுவும் போடாமலே அந்த ஒன்றைக் கையில் எடுத்து நீட்டிக்கொண்டிருந்தார். அது தப்பினால் தானும் என்னோடு சேர்ந்து மாட்டிக்கொள்ள வேண்டிவரும் என்று தெரிந்தேதான் நீட்டினார். அம்மாவின் பேச்சைக் கேட்காமல் என்னை வைத்துக்கொண்டவள் என்பார்கள்.

"இரு" என்றார்.

இருந்தேன்.

ஹாலில் இருந்த செடிகளில் ஒன்று பிழைக்கவில்லை. இன்னொன்றின் மண்ணை வாளி வாளியாக நல்ல தண்ணீர் விட்டு அலசினேன், அடியில் வடிவது குழாய்த் தண்ணீரின் எண்ணுக்கு இறங்கும் வரை. அது பிழைத்தது. அத்தை இன்னும் வருகிறார். திஷ்டி போய்விட்டது என்றாலும் முன்னெச்சரிக்கையாகச் சுற்றுகிறார். உப்பைக் கரைத்துப் பாத்திரம் தேய்க்கும் சிங்க்கில் ஊற்றச் சொன்னேன். "அதுலயும் யாரும் கால் வெக்கறதில்ல அத்த" என்றேன். யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். ஆனாலும் திங்கட்கிழமை காலையில் நான் மண்ணைச் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்க்கிறேன்.

இதை எழுதும்போது அண்ணிக்கு ஏழாம் மாதம். எனக்கு எதிலும் நம்பிக்கை மாறவில்லை. ஆனால் அண்ணி சாப்பிடும்போது நான் என் தட்டைப் பார்க்கிறேன். அவர் மாடிப்படி ஏறி வரும்போது வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன். என்னை யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

போன வாரம் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது அண்ணி புதுப் புடவையில் என் அறை வாசலில் வந்து நின்றார். அத்தை ஹாலில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தார்.

"நல்லாருக்கா?"

"இருக்குது" என்றேன், புடவைக் கரையைப் பார்த்து.

"கரய கேக்கல. என்ன பாத்து சொல்லு."

ஹாலில் பூ கட்டும் கை நின்றது. நான் நிமிர்ந்து, முழுதாக, அவரைப் பார்த்தேன்.